வீரபாண்டியில் நடந்த டை பிரேக்

"என் கண்ணுல பட்ட தப்பு கப்பல் ஏறாதுய்யா. ஏறுச்சுன்னா எம் பேரு சோணைமுத்து இல்ல."

திருப்பூர் மண்ணரையில் மாரப்பன் பேக்கரி வாசலில், ஒரு கையில் டீயும் மறு கையில் தேங்காய் பன்னுமாக நின்று இந்த அறிவிப்பு வெளியிடப்பட்டபோது கேட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் டீ மாஸ்டருக்குப் பாய்லர் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. மீதி இருவரும் இதை ஏற்கெனவே பலமுறை கேட்டவர்கள். ஆனாலும் அறிவித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, ஊர்வலத்தில் கொடி பிடித்தவரைப்போல நிமிர்ந்து நின்றார். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அதுவரைக்கும் அது உண்மையாகவே இருந்ததுதான் காரணம்.

சோணைமுத்து, திருமூர்த்தி என்பவரின் பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்து, மீசை சரியாக முளைக்கும் முன்பே திருப்பூருக்கு பஸ் ஏறியவர். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, துணியில் இருக்கும் ஓட்டை, எண்ணெய்க்கறை, நூல் பிசிறு, கலர் மாற்றம் ஆகிய நான்கையும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் ஆற்றலால் இந்தப் பதவிக்கு உயர்ந்தவர். அந்த ஆற்றலைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. தட்டில் விழுந்த தோசையைத் தூக்கி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். "ஓட்டை" என்பார். "தோசைன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஒங்க வாயில இல்லாத ஓட்டையா?" என்பார் மனைவி முத்துப்பேச்சி.

இப்படிப்பட்டவருக்கு டென்னிஸ் எப்படி வந்தது என்பது திருப்பூர் வரலாற்றில் ஒரு சிறு அத்தியாயம். பல வருஷங்களுக்கு முன், ஏதோ ஒரு வெளிநாட்டு கிளப்புக்காக டென்னிஸ் டீ-ஷர்ட் தைக்கும் ஆர்டர் வந்தது. போட்டால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஆபீஸ் டிவியில் ஒரு மேட்சைப் போட்டு, சோணைமுத்துவை எதிரே உட்கார வைத்தார்கள். முதல் செட் முழுக்க அவர் பந்தையே பார்க்கவில்லை. காலரைப் பார்த்தார். இரண்டாவது செட்டில், கையைத் தூக்கும்போது பக்கத் தையல் இழுக்கிறதா என்று பார்த்தார். மூன்றாவது செட்டில் ஒருவன் சும்மா வந்த பந்தை வலையில் அடிக்க, திரையில் 'அன்ஃபோர்ஸ்டு எரர்' என்ற தலைப்பின்கீழ் ஓர் எண் கூடியது. அப்படி என்றால் என்ன என்று விசாரித்தார். யாரும் நெருக்காமல் தானாகச் செய்த தப்பு என்றார்கள். தப்பை எண்ணி, தலைப்புப் போட்டு, உலகத்துக்கே காட்டும் ஒரு விளையாட்டு இருக்கிறது என்ற செய்தி அவரை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து விடவில்லை.

அவருடைய கட்சிக்கு எதிர்க்கட்சி முருகவேல். உள்ளூர்க்காரர், பத்து வயது இளையவர். திருமூர்த்திக்கே சொந்தமான வீரபாண்டி சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். 'சாயப்பட்டறை' என்று போர்டில் இருக்கும். வாயில் யாருக்கும் 'டையிங்'தான். சாயம் காய்ச்சுகிறவருக்கு நாடகம் பிடிக்கும். அவருக்கு மேட்ச் என்றால் ஐந்தாவது செட் வர வேண்டும், ஆடுகிறவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்ட வேண்டும், பார்க்கிறவன் நகம் முழுவதும் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். இந்த இருவரோடு நடுநிலை வகிக்கும் பேக்கரிக்காரர் மாரப்பனையும் சேர்த்து 'மண்ணரை சென்டர் கோர்ட்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் நடந்து வந்தது. சோணைமுத்துவின் போனில் அதற்கு நேர் கீழே இருந்தது 'மண்ணரை செக்கிங்' என்ற கம்பெனி குரூப். முதலாளி அதில் உண்டு. இந்த இரண்டு குரூப்புகளுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு கட்டைவிரல் அகலம்.

சம்பவம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. வெளிநாட்டில் ஒரு அரையிறுதி. செக் நாட்டுக்காரன் ஒருவனும் சிலி நாட்டுக்காரன் ஒருவனும் ஆடினார்கள். இங்கே கம்பெனியில் இரவு வரை நீளும் ஒன்றரை ஷிப்ட். செக்கிங் பகுதியில் செல்போன் பார்க்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எழுதியவர் சோணைமுத்து, ஒட்டியவரும் அவரே. இன்சார்ஜ் என்பதால், அவசரத் தகவல் சொல்ல அவருக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி. அந்த அனுமதியின் கீழ், மடித்த துணிகளுக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் ஒயரைச் செருகி, அவர் அவசரமாக மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது செட் ஆறுக்கு ஆறு ஆனது. யாரும் யாரையும் முந்தாமல் சமமாக நின்றால் டை பிரேக் என்று ஒன்று வைத்து, யார் முதலில் பத்துப் பாயின்ட் எடுக்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். தட்டச்சுச் செய்ய நேரமில்லை. சோணைமுத்து குனிந்து, போனின் மைக்கைத் தொட்டு, ரகசியக் குரலில் பேசினார். போன் அதை அழகான தமிழில் எழுதி அனுப்பியது:

"டை பிரேக் ஆயிருச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது. கடவுள் விட்ட வழி."

போன குரூப், 'மண்ணரை செக்கிங்'.

உலகத்தில் மற்ற ஊர்களில் 'டை' என்றால் கழுத்தில் கட்டுவதாக இருக்கலாம், இரண்டு பேர் சமமாக நிற்பதாகவும் இருக்கலாம். திருப்பூரில் 'டை' என்றால் சாயம். வேறு அர்த்தம் கிடையாது. 'டை பிரேக்' என்ற சொற்றொடரை அதுவரை எந்த டையிங்கிலும் யாரும் பயன்படுத்தியதில்லை என்றாலும், அதைப் படித்த மாத்திரத்தில் முதலாளி திருமூர்த்திக்குச் சகலமும் விளங்கிவிட்டது. அவர் தென்னந்தோப்புக்கு நடுவே கம்பெனி கட்டியவர். இப்போது கம்பெனிக்கு நடுவே இரண்டு தென்னை நிற்கின்றன. நல்ல மனிதர், பதறும் சுபாவம். சோணைமுத்துவின் தகவலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு, நேரே வீரபாண்டிக்கு போன் அடித்தார்.

வீரபாண்டியில் முருகவேல் மிஷின் ஓரமாக ஸ்டூல் போட்டு அதே மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அறுந்து முதலாளியின் பெயர் வந்தது.

"ஏனுங்க முருகவேல், டை பிரேக்குங்களாமா?"

முருகவேலுக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே!

"ஆமாங்க! இப்பத்தானுங்க ஆச்சு. நீங்களும் பாக்கறீங்களாங்க?"

"பாக்காம இருக்க முடியுங்களா? நம்ம பொழப்புங்களே! எத்தனை ஆச்சுங்க?"

"ஆறுக்கு ஆறுங்க!"

டையிங்கில் இருந்த மிஷின்கள் ஆறு. 

"ஆறுக்கு ஆறுமாங்க?"

"ஆமாங்க. நெம்ப டைட்டுங்க. இனி ஆரு மொதல்ல தப்புப் பண்றாங்களோ அவங்க போச்சுங்க!"

"நிறுத்துங்க."

"என்னத்தைங்க?"

"எல்லாத்தையும் நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க முருகவேல்!"

முதலாளி கத்தி முருகவேல் கேட்டதில்லை. ஏதோ பெரிய விபத்து, தனக்குத் தெரியாமல் தன் பின்னாலேயே நடக்கிறது என்று நினைத்து எழுந்தார். ஒடிசாவிலிருந்து வந்த ஆபரேட்டரைப் பார்த்து, "பந்த் கரோ! சப் பந்த் கரோ!" என்று இந்தியில் அலறினார். பந்து நின்றதோ இல்லையோ, மிஷின் ஆறும் நின்றன. அவற்றில் ஐந்து சும்மா தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தன. ஆறாவதில் ஒரு லாட் ஏற்றுமதித் துணிக்குக் கரும்பச்சை ஏறிக்கொண்டிருந்தது. சாயம் துணியைப் பிடிக்கிற நேரத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கலர் மாறிவிடும் என்பது முருகவேலுக்குத் தெரியும். நிறுத்தியது முதலாளி என்பதும் தெரியும்.

திருமூர்த்தி கார் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். எதுவும் உடைந்திருக்கவில்லை. கெட்டிருந்தது, அவர் நிறுத்தச் சொன்னதால் பாதியில் நின்ற கரும்பச்சை மட்டும்.

"என்னுங்க, பிரேக்குன்னீங்களே?"

மேட்சைத்தான் சொன்னேன் என்று சொன்னால், ஓடுகிற மிஷினை விட்டுவிட்டு மேட்ச் பார்த்தது வெளியே வரும். அதற்கு வேலை போகும். சொல்லாவிட்டால், நல்ல லாட்டைக் கெடுத்தவன் என்ற பெயர் வரும். அதற்கும் வேலை போகும். முருகவேல் "சின்னதா ஒரு இதுங்க… சரி பண்ணிரலாமுங்க" என்று இரண்டுக்கும் நடுவே ஒரு பதிலைச் சொன்னார். மறுபடி சாயம் ஏற்றிச் சரிசெய்ய ஆரம்பித்தார். லாட் கெடுத்தவன் என்ற பெயர் வீரபாண்டியில் ஒரு டையிங்கில் கிளம்பினால், அடுத்த டையிங்கின் வாட்ச்மேனுக்குக் கூடத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் வேலை கேட்டுப் போகிற இடத்தில் டீ மட்டும்தான் கிடைக்கும்.

மறுநாள் காலை சோணைமுத்து தன் அறிவிப்புத் தாளுக்குக் கீழே நின்றபடி, முதலாளி போட்ட கட்டைவிரலுக்கு என்ன பொருள் என்று குழம்பிக்கொண்டிருந்தார். மேட்ச் பார்த்ததற்குப் பாராட்டா, அல்லது வேலையை விட்டு அனுப்பும் முன் செய்கிற சைகையா? திருமூர்த்தி சிரித்துக்கொண்டே வந்தார்.

"சோணைமுத்து, நேத்து நீங்க மட்டும் தகவல் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. இங்க உக்காந்துட்டு அங்க டையிங்ல நடக்கறதைக் கண்டுபுடிச்சிருக்கீங்களே! ஆளுன்னா இப்புடி இருக்கோணுமுங்க."

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, சோணைமுத்துவின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஷேட் வெளுத்துக்கொண்டு வந்தது.

"மொதலாளி… அந்த மெசேஜு வந்து…"

"ஆரு சொன்னாங்கன்னு நான் முருகவேல் கிட்டச் சொல்லமாட்டனுங்க, பயப்படாதீங்க. அப்புறம் பாருங்க, அவன் செல்போன் பாத்துட்டே இருந்திருப்பானாட்ட இருக்குதுங்க. அது மட்டும் தெரிஞ்சுதுன்னா அப்பவே அனுப்பிருவனுங்க. உங்க தாளை அங்கயும் ஒண்ணு எழுதி ஒட்டிருங்க."

சோணைமுத்து "சரிங்க மொதலாளி" என்றார். வேறு என்ன சொல்ல முடியும் என்பதை அன்று முழுக்க யோசித்தார். வேறு என்ன சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை, எப்படி என்பதில்தான். அன்றிரவுத் தோசையை அவர் லைட்டுக்கு எதிரே பிடிக்கவே இல்லை. முத்துப்பேச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் சென்டர் கோர்ட் கூடியது. மேட்சைப் பற்றிய தீர்ப்பு இன்னும் பாக்கி. முருகவேலின் கண்கள் உள்ளே போயிருந்தன. நகங்களில் பச்சை இன்னும் போகவில்லை. ஆனாலும் விவாதத்தை அவர்தான் தொடங்கினார். அவருக்கு வேறு எதைப் பற்றியும் பேசப் பயமாக இருந்தது.

"மாரப்பண்ணா, நீங்களே சொல்லுங்க. அந்த மாதிரி ஒரு மேட்சு இந்த வருசத்துல வந்துதுங்களா?"

"வரலை," என்றார் மாரப்பன், பஃப்ஸ் தட்டை அடுக்கிக்கொண்டே.

"சோணைமுத்தண்ணா?"

பழக்கத்தில் வாய் தானாகவே போய்விட்டது. "ரெண்டு பேருமாச் சேந்து எம்பதுக்கு மேல அன்ஃபோர்ஸ்டு எரருய்யா. நம்ம டேபிளுக்கு வந்திருந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருப்பேன். பேக்கிங் மட்டும்தான் பிரமாதம், உள்ள சரக்கு செகண்ட்ஸு."

"தப்பே இல்லாத மேட்சு வேணுமுன்னா செவுத்தோட ஆடச் சொல்லோணுமுங்க! செவுரு வலையில அடிக்காது."

மாரப்பன் சிரித்தார். டீ மாஸ்டர்கூட.

"தப்பு தப்புத்தானப்பா," என்றார் சோணைமுத்து, குரலில் வலு இல்லாமல்.

"அதெப்படீங்க? மொத செட்டுல காத்தாட அடிச்ச தப்பும், அஞ்சாவது செட்டுல கை நடுங்கி, காலு இழுத்துக்கிட்டு, மூச்சு வாங்கறப்ப அடிச்ச தப்பும் ஒண்ணுங்களா? கணக்குல ரெண்டுக்கும் ஒரே பேருதான் போடறாங்க. ஆனா ரெண்டும் ஒண்ணில்லீங்கண்ணா. பின்னாடி இருந்து ஆரோ தள்ளி விட்டா, விழுந்தவனையா கேக்கறது?"

முருகவேல் டீயைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என்ற லாட்டையே எடுத்துக்கங்க. நான் பாட்டுக்கு ஓட்டிட்டு இருந்தேன். போன் வந்துது, கத்தினாங்க, நிறுத்துனேன். அது ஃபோர்ஸ்டு எரர் இல்லீங்களா? மொதலாளிக்கு ஆரோ தகவல் கொடுத்திருக்காங்க. ஆருன்னு மட்டும் தெரியோணும். அவுங்களுது அன்ஃபோர்ஸ்டு."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?" என்று மாரப்பன் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. ஏனுங்க இப்புடிப் பண்ணுனீங்கன்னு கேப்பேன். அவ்வளவுதான்."

கொங்கு நாட்டில் வயிறு எரிகிறவனும் 'ங்க' போட்டுத்தான் எரிவான் என்பது வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம். இத்தனை காலம் இங்கேயே இருந்தும், சோணைமுத்துவுக்கு அந்த மரியாதை அன்றுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவர் டீயைப் பாதியிலேயே வைத்தார். "மேட்சு…" என்று தொடங்கி, "நல்ல மேட்சுதான்னு வச்சுக்க," என்று முடித்தார். மாரப்பன் தட்டு அடுக்குவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். சென்டர் கோர்ட் தொடங்கிய நாள் முதலாக, சோணைமுத்து ஒரு மேட்சையும் இவ்வளவு மலிவாக விட்டுக்கொடுத்ததில்லை. முருகவேலுக்கோ அது வெற்றியாகவே தோன்றவில்லை. "அதுக்காக ஒத்துக்க வேண்டாமுங்கண்ணா. மேட்சு வேற, இது வேறைங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கரும்பச்சைத் துணி செவ்வாய்க்கிழமை மண்ணரைக்கு வந்து சேர்ந்தது. கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் நேரே செக்கிங்குக்கு வந்தது. கூடவே முதலாளியும் வந்தார், அவருக்கு நான்கு அடி பின்னால் முருகவேலும்.

"சோணைமுத்து, உங்க கண்ணு என்ன சொல்லுதோ அதுதானுங்க முடிவு," என்றார் திருமூர்த்தி. பிறகு பின்னால் திரும்பி, மிகுந்த பணிவோடு, "கலர் மாறியிருந்துதுன்னா நாளைல இருந்து நீங்க வர வேண்டாமுங்க முருகவேல். தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார்.

"இல்லீங்க," என்றார் முருகவேல்.

சோணைமுத்து துணியைப் பிரித்தார். துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் சரி என்று ஒப்புக்கொண்ட துணித்துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். டியூப்லைட்டின் கீழே பார்த்தார். அப்புறம் வழக்கம்போல இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பத்தடி என்ன, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரிந்திருக்கும். ஒன்று கறிவேப்பிலை, மற்றது முருங்கைக்கீரை. முருகவேல் எத்தனை முறை சாயம் ஏற்றியிருப்பார் என்பது துணியின் முரட்டுத்தன்மையிலேயே தெரிந்தது. பாவம், கலரை முக்கால்வாசி தூரம் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

செய்வதற்கு இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, அங்கேயே வெயிலில் நின்று, "மொதலாளி, அந்த மெசேஜு மேட்சப் பத்திங்க" என்று சொல்வது. சொன்னால் உள்ளே சுவரில் ஒட்டியிருக்கிற தாளின்படி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் உண்மை வெளியே வரும். இன்னொன்று, உண்மை எதுவும் வெளியே வராத வழி. சோணைமுத்து வாசலில் சற்றுக் கூடுதல் நேரம் நின்றார். தெருவில் துணி மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வாய் திறந்தது. திறந்த வாய் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று அவருக்கே தெரியாதது போல இருந்தது.

உள்ளே வந்து துணியை மேஜையில் வைத்தார்.

"சரியா இருக்குங்க மொதலாளி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"நீங்க சொன்னாச் சரிதானுங்க," என்று பெருமூச்சு விட்டார் திருமூர்த்தி. முருகவேலின் தோளைத் தட்டி, "போங்க, போய் வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முருகவேல் போகவில்லை. டையிங் மாஸ்டருக்குத் தன் கலர் தெரியாமல் இருக்குமா? அவர் துணியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கடைசியாகச் சோணைமுத்துவைப் பார்த்தார். ஏன் என்று கேட்பது போல உதடு அசைந்தது. சோணைமுத்து குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் நிமிர்ந்தபோது முருகவேல் போயிருந்தார்.

பக்கத்து மேஜையில் இருந்த ரங்காத்தாள் எழுந்து வந்தார். சோணைமுத்துவிடம் வேலை பழகி, அவரைப்போலவே துணியை வெயிலில் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டவர். துணியின் ஓரத்தை விரலால் புரட்டினார்.

"ஏனுங்கண்ணா, இது வெளுத்திருக்குதுங்களே?"

"வெயிலு அப்பிடித்தாம்மா காட்டும்."

"நாம இப்ப உள்ளாரதானுங்களே இருக்கோம்?"

சோணைமுத்து துணியைச் சுருட்டினார். அதைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் இருந்தார்கள், கூப்பிட்டால் வருவார்கள். அவர் கூப்பிடவில்லை. தானே தோளில் ஏற்றிக்கொண்டு, கட்டிங் மேஜையை நோக்கி நடந்தார்.